கிளிசெட் வழி ஏணி முதுகு நாற்காலி: ஆஷ் மரத்தைப் பிளப்பதிலிருந்து கோரை பின்னுவது வரை

இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில் பாஸ்பரி என்றொரு கிராமம். அங்கே ஃபிலிப் கிளிசெட் (1817–1913) காலால் மிதித்துச் சுழற்றும் மிதி கடைசலில் ஆஷ் (ash) என்ற கடின மரத்தைக் கடைந்து, கோரை பின்னி நாற்காலி செய்துவந்தார். 1890இல் எர்னஸ்ட் கிம்சன் என்ற இளம் கட்டடக் கலைஞர் அவரிடம் சில வாரம் தங்கி அந்த வேலையைக் கற்றார். பிறகு கிம்சன் வரைந்த வடிவங்களை, கிளவுஸ்டர்ஷயரில் டேன்வே அறுவை மில்லில் இருந்த எட்வர்ட் கார்டினர் செய்துகொடுத்தார். வார்விக்ஷயருக்கு இடம் மாறிய கார்டினரிடம் 1939இல் வேலைக்குச் சேர்ந்தவர் நெவில் நீல். பின்னாளில் நீல் ஸ்டாக்டன் கிராமத்தில் தன் பட்டறையைப் போட்டார். அவருக்குப் பின் மகன் லாரன்ஸ் அதே அச்சுகளையும் அதே அளவுகளையும் வைத்து வேலையைத் தொடர்ந்தார். நூறு ஆண்டுக்கு மேல் இந்த வேலை கைமாறி வந்தது இப்படித்தான்.

கீழே இருப்பது அந்த மரபைப் பின்பற்றி ஒரு சாதாரண உணவு மேசை நாற்காலி செய்யும் முறை. அளவுகள் எங்கள் பட்டறை அளவுகள். கிம்சன், நீல் வடிவங்களின் அச்சுப் பிரதி அல்ல. முதுகில் ஏணிப்படி போல வரும் பட்டைகளின் எண்ணிக்கையும் உயரமும் மாறலாம்; இணைப்பின் தத்துவம் மட்டும் மாறக் கூடாது.

மரம்

பச்சை ஆஷ் வேண்டும். குளிர்காலத்தில் வெட்டிய, 20 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள, நேராக வளர்ந்த அடிமரம். கணு இருக்கக் கூடாது. மரப்பட்டையைப் பாருங்கள்: அதிலுள்ள வெடிப்புக் கோடுகள் நேராக மேலே போனால் உள்ளே நாரும் நேர். கோடுகள் திருகிக்கொண்டு போனால் அந்த மரம் விறகுக்குத்தான்.

ஆண்டு வளையங்கள் மிக நெருக்கமாக இருப்பது நல்ல மரத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆஷ் விஷயத்தில் அது தலைகீழ். ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் இந்த மரம் பெரிய துளைகளுள்ள ஓர் அடுக்கைப் போடும். கோடையில் அதன் மேல் அடர்த்தியான அடுக்கு சேரும். துளை அடுக்கின் கனம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே மெதுவாக வளர்ந்த மரத்தில் துளை அடுக்கே அதிகம், அடர்த்தியான மரம் குறைவு. அப்படிப்பட்ட மரத்தை வளைத்தால் கேரட் ஒடிவதுபோலப் பட்டென்று ஒடியும். வளையம் ஒவ்வொன்றும் 2 முதல் 4 மி.மீ. கனம் இருந்தால் நல்லது.

பிரிட்டனின் காடுகளில் 2012இல் ஆஷ் நுனிக்கருகல் நோய் உறுதி செய்யப்பட்டது. அதிலிருந்து நோய் கண்ட மரங்கள் நிறைய வெட்டப்படுகின்றன. இப்போதுதான் பட்டுவரும் மரம் என்றால் பயன்படுத்தலாம். நின்ற நிலையிலேயே செத்துக் காய்ந்த மரத்தைத் தொடாதீர்கள்: நார் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், ஆவியில் வைத்தாலும் வளையாது.

1.1 மீட்டர் நீளமும் 25 செ.மீ. விட்டமும் உள்ள ஒரு துண்டு, பின்கால்களுக்கும் மற்றவற்றுக்குமாக ஒரு நாற்காலிக்குத் தாராளம். துண்டின் இரண்டு முனைகளிலும் உடனே மெழுகோ பெயின்டோ பூசிவிடுங்கள். முனை முதலில் காய்ந்தால் உள்நோக்கி வெடிப்பு ஓடும்.

பிளப்பு

ரம்பத்தால் அறுத்தால் ரம்பம் நாரைக் கவனிக்காமல் நேர்கோட்டில் போகும். நார் சற்றே விலகியிருந்தாலும் காலின் பக்கவாட்டில் அறுபட்டு வெளியேறும். ஒடிவது அந்த இடத்தில்தான். பிளக்கும்போது விரிசல் நாரைத் தொடர்ந்தே போகும். 35 மி.மீ. கனமுள்ள கால் ஒரு மனிதனின் எடையைத் தாங்க முழு நார் உதவுகிறது.

துண்டின் முனையில் இரும்பு ஆப்பை வைத்து மரச் சம்மட்டியால் அடித்து இரண்டாகப் பிளக்கவும். பிறகு நான்கு, பிறகு எட்டு. எப்போதும் சரிபாதியாகவே பிளக்க வேண்டும். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருந்தால் விரிசல் மெல்லிய பக்கமாக ஓடிவிடும். அப்படி ஓடத் தொடங்கினால் பிளப்புக் கத்தியை (விரிசலில் செருகி நெம்பும் நீளக் கத்தி) நிறுத்தி, தடித்த பக்கத்தைக் கீழே வைத்து அதைக் கையால் அழுத்தி வளைத்தபடி கத்தியை நெம்புங்கள். விரிசல் மெல்ல நடுவுக்குத் திரும்பும். நடுத்தண்டை ஒட்டிய மரத்தை எடுத்து எறிந்துவிட வேண்டும். அது திருகும், வெடிக்கும்.

ஒரு நாற்காலிக்குத் தேவை: 1020 மி.மீ. நீளத்தில் பின்கால் இரண்டு, 485 மி.மீ. நீளத்தில் முன்கால் இரண்டு. உட்காரும் தளத்துக்குச் சட்டம் நான்கு (முன் 480, பின் 370, பக்கம் இரண்டும் 380). கீழே குறுக்குக் கம்பு ஏழு: முன்புறம் 480இல் இரண்டு, பக்கத்துக்கு இரண்டு வீதம் 380இல் நான்கு, பின்புறம் 370இல் ஒன்று. முதுகுப் பட்டை நான்கு, ஒவ்வொன்றும் 380. சட்டம், கம்பு நீளங்களில் இரு முனையிலும் 25 மி.மீ. கழுந்து (துளைக்குள் செருகும் முனை) அடக்கம். எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு கூடுதலாகப் பிளந்து வையுங்கள். கடைசலில் மாட்டிய பிறகே சில குறைகள் கண்ணில் படும்.

கடைசல்

பிளந்த துண்டை இழைப்புக் குதிரையில் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இருக்கை) மாட்டி, இருபக்கமும் பிடியுள்ள இழுப்புக் கத்தியால் எண்கோணமாகச் செதுக்கிக் கடைசலில் ஏற்றுங்கள். மிதி கடைசலோ மின்சாரக் கடைசலோ, எதுவானாலும் பச்சை மரம் ஈரச் சுருளாக இலகுவாகக் கழன்று வரும்.

கால்களை 38 மி.மீ. விட்டத்துக்குக் கடையவும். ஆஷ் முழுவதும் காயும்போது வளையத்தின் போக்கில் ஏறக்குறைய 8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 5 சதவீதமும் சுருங்கும். எனவே கால் காய்ந்ததும் 35, 36 மி.மீ. அளவில் சற்றே நீள்வட்டமாகும். அதைத் திருத்த வேண்டாம். இந்த வகை நாற்காலியின் காலைக் கையால் தடவினால் அந்த நீள்வட்டம் தெரியும். பச்சையாகக் கடைந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

குறுக்குக் கம்புகளை நடுவில் 24 மி.மீ., முனைகளில் 19 மி.மீ. என்று கடைந்து வையுங்கள். கழுந்தின் இறுதி அளவு 16 மி.மீ.; அதைப் பச்சையில் கடையவே கூடாது. தளச் சட்டங்களைக் கடைசலில் ஏற்ற வேண்டியதில்லை. 35 மி.மீ. அகலமும் 20 மி.மீ. கனமும் கொண்ட தட்டையான நீள்வட்டமாகச் செதுக்கினால் போதும். ஆனால் விளிம்புகளை நன்றாக உருட்டுங்கள். கூரான விளிம்பு இருந்தால், மேலே ஆள் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் அது கோரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

வளைப்பு

பின்கால்களின் மேல்பாதியும் முதுகுப் பட்டைகளும் வளைய வேண்டும். ஆவிப்பெட்டியில் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. கால்களுக்கு ஒன்றரை மணி நேரம், 7 மி.மீ. பட்டைகளுக்கு அரை மணி நேரத்துக்குள். வெளியே எடுத்ததும் அரை நிமிடத்துக்குள் அச்சில் பூட்டிவிட வேண்டும். ஆள் இரண்டு பேர் இருப்பது நல்லது, கையுறை கட்டாயம்.

வளையும்போது வெளிப்பக்க நார் கிளம்பினால் இரண்டில் ஒன்று காரணம்: நார் அறுபட்டு வெளியேறும் துண்டாக இருக்கும், அல்லது சூளையில் காய்ந்த மரமாக இருக்கும். சூளையில் காய்ந்ததை எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் பச்சை மரம்போல இணங்காது. அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு கொஞ்சம் நிமிரும். அதனால் தேவையானதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக வளைக்கும்படி அச்சைச் செய்யுங்கள். பட்டையின் நடுவில் 25 மி.மீ. குழிவு வேண்டுமென்றால் அச்சில் 30 இருக்கட்டும். ஒரு வாரமாவது அச்சிலேயே கிடக்க வேண்டும். இரண்டு பின்கால்களையும் ஒரே அச்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளையுங்கள். தனித்தனியாக வளைத்தால் ஜோடி சேராது.

ஈரம்: முழு வேலையும் நிற்பது இதில்தான்

இருபத்திரண்டு கழுந்துகள், இருபத்திரண்டு துளைகள். பசை இல்லாவிட்டாலும் இவை கழலாமல் இருப்பதற்குக் காரணம் ஈரத்தில் உள்ள வித்தியாசம். கம்பு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். கால் பாதி காய்ந்த நிலையில் இருக்க வேண்டும். இணைத்த பிறகு கால் காய்ந்து சுருங்கிக் கழுந்தை நெருக்கும். கழுந்தோ காலிலுள்ள ஈரத்தையும் அறைக்காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு உப்பும்.

கால்களைக் கூரைக்குக் கீழே காற்றோட்டத்தில் வைத்து 15 முதல் 20 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவாருங்கள். கம்புகளையும் தளச் சட்டங்களையும் அடுப்பு அருகிலோ, உள்ளே விளக்கு எரியும் ஒரு பெட்டியிலோ, 60 டிகிரிக்கு மேல் போகாமல் காய வையுங்கள். இலக்கு 5, 6 சதவீதம். ஈரமானி இல்லாவிட்டால் தராசு போதும். தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. இரண்டு கம்புகளை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமான சத்தம் போய் கணீரென்று கேட்கும்.

நாற்காலியின் கால் அளவுக்கு மீறி ஈரமாக இருந்தால், சுருங்கும்போது காய்ந்த கழுந்தின் மேல் இறுகித் துளையை ஒட்டி நீளவாக்கில் வெடிக்கும். அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் நெருக்கம் கிடைக்காது. இரண்டு குளிர்காலத்தில் கம்பு சுழலத் தொடங்கும். வீட்டில் ஆடும் பழைய நாற்காலிகளில் பல ஆடுவது பசை விட்டதால் அல்ல. சம ஈரத்தில் இருந்த இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்ததால்தான்.

காய்ந்த பிறகே கழுந்தை இறுதி அளவுக்குக் கடைய வேண்டும். காய்ந்த கடின மரத் துண்டு ஒன்றில், கால்களுக்குப் பயன்படுத்தப்போகும் அதே ஆகரால் (திருகித் துளைக்கும் கருவி) 16 மி.மீ. துளை போட்டு அதை அளவுமானியாக வையுங்கள். கழுந்தின் நுனி ஓரத்தை மழுக்கியபின், கையால் அழுத்தினால் நுனி மட்டும் நுழைந்து அதற்கு மேல் போகாமல் நிற்க வேண்டும். அதாவது துளையைவிட 0.2 மி.மீ. பெரிது. முழுதாக உள்ளே போய்விட்டால் அந்தக் கம்பை அடுப்பில் போடுங்கள். தாள் சுற்றி ஒட்டவைப்பதெல்லாம் வேண்டாம்.

கடைந்த கம்புகளை மாட்டும் நேரம் வரை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். ஈரக் காற்றில் ஒரே இரவில் கழுந்து பெருத்துவிடும்.

துளையும் கோர்ப்பும்

துளை ஆழம் 26 மி.மீ. கால் 35 மி.மீ. தான் என்பதால் மறுபக்கத்தில் எஞ்சுவது 9 மி.மீ. ஆகரின் நுனித் திருகு அதைவிட நீளமாக இருந்தால் காலின் முகத்தில் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். முன்கூட்டியே அரத்தால் ராவிக் குறைத்துவிடுங்கள்.

தரையிலிருந்து துளை மையங்கள்: முன் தளச் சட்டம், பின் தளச் சட்டம் இரண்டும் 435, பக்கச் சட்டம் 447. கீழே முன் கம்புகள் 300, 190. பக்கக் கம்புகள் 260, 140. பின் கம்பு 200. கீழ்க் கம்புகளின் துளைகள் ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விட்டிருக்கிறது. தளச் சட்டங்கள் மட்டும் வேண்டுமென்றே மோதுகின்றன. முன் சட்டத்தின் மையமும் பக்கச் சட்டத்தின் மையமும் 12 மி.மீ. தள்ளி, துளையோ 16 மி.மீ.; ஆக 4 மி.மீ. ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது. முன் சட்டத்தை முதலில் அடித்து இறக்கிவிட்டு, அதன் பிறகு பக்கத் துளையைப் போட்டால், ஆகர் முன் சட்டத்தின் கழுந்திலிருந்து 4 மி.மீ. பள்ளத்தைக் கிள்ளி எடுக்கும். அந்தப் பள்ளத்தில் பக்கச் சட்டத்தின் கழுந்து போய் உட்கார்ந்தால் முன் சட்டம் வெளியே வரவே முடியாது. பூட்டு மாதிரி. இந்த நாற்காலியில் எங்களுக்கு மிகப் பிடித்த இடம் இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எண்பது ஆண்டு கழித்து நாற்காலியைப் பிரிக்க முயல்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. பின்பக்கத்தைக் கோர்க்கும்போதே நான்கு பட்டைகளையும் சேர்த்துக் கோர்த்துவிட வேண்டும். கால்கள் இறுகிய பிறகு பட்டை நுழையாது. பட்டைத் துளைகள் 6 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம். மெல்லிய ஆகரால் வரிசையாகத் துளைத்து உளியால் சுத்தம் செய்யுங்கள். பட்டை பின்னோக்கி வளைந்து போவதால் துளையை 15 பாகை பின்பக்கம் சாய்க்க வேண்டும். பட்டை உயரங்கள் கீழிருந்து மேலாக 56, 64, 72, 80. கீழ்ப்பட்டையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 540இல், இடைவெளி ஒவ்வொன்றும் 53. மேலே போகப்போகப் பட்டை அகலமாவதால்தான் முதுகு கண்ணுக்கு நிமிர்ந்து தெரிகிறது. நான்கையும் ஒரே உயரத்தில் வைத்துப் பாருங்கள். முதுகு தொங்கிப்போனது போல இருக்கும்.

முன்பக்கம் பின்பக்கத்தைவிட அகலம் என்பதால் பக்கத் துளைகள் செங்கோணத்தில் வராது. இந்த அளவுகளுக்கு எட்டரை பாகை விலகல்: முன்காலில் உட்புறமாக, பின்காலில் வெளிப்புறமாக. இதை மாற்றிப் போட்டுவிடுவது மிகச் சுலபம். ஆகரை வைக்கும் முன் பென்சிலால் இரு காலிலும் அம்புக்குறி போட்டு, கம்பு போகும் திசையைக் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உயரவாக்கில் எல்லாத் துளையும் செங்கோணம்தான். உட்காரும் தளத்தின் சரிவைக் கடைசியில் பின்கால்களின் அடியை 12 மி.மீ. அறுத்துக் கொண்டுவருவோம்.

கம்பைச் செருகும்போது முனையைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் காலின் நீளத்துக்கு இணையாக, செங்குத்தாக நிற்க வேண்டும். மரம் அதிகமாக உப்புவது வளையத்தின் போக்கில். அந்த உப்பல் மேலும் கீழும் போனால் காலின் நார் நீளவாக்கில் தாங்கும். பக்கவாட்டில் போனால் ஆப்பு அடித்தது போலக் கால் பிளக்கும்.

பசை வேண்டுமா என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மரவேலைக்காரர்கள் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து செய்யும் பசை) பூசுவதில் தவறில்லை. கழுந்து எளிதாக வழுக்கி இறங்கும், பின்னாளில் சூடும் ஈரமும் கொடுத்தால் கழற்றவும் முடியும். கொட்டாப்புளியால் அடிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். கழுந்து துளையின் அடியைத் தொட்டதும் சத்தம் சட்டென்று கனமாக மாறும். அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம்; அடித்தால் 9 மி.மீ. சுவர் பெயர்ந்துவிடும். முடிந்ததும் மூலைவிட்டங்களை அளந்து, கோணலாக இருந்தால் உடனே கையால் இழுத்துச் சரிசெய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து அசையாது.

மேல்பட்டைக்கு மட்டும் இரு பக்கமும் 5 மி.மீ. மர ஆணி. ஆட்கள் நாற்காலியைத் தூக்குவது அந்தப் பட்டையைப் பிடித்துத்தான். உப்புத்தாளைப் பெரிதாகத் தேய்க்க வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு, மேலே தேன்மெழுகு. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்து அப்புறப்படுத்துங்கள்.

கோரை

ஆங்கிலேய நாற்காலிக்காரர்கள் பயன்படுத்துவது மெதுவாக ஓடும் ஆறுகளில் இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் கோரை. பத்தமடைப் பாய்க்கோரையும் இதே தாவரக் குடும்பம்தான். ஆனால் இது விரல் கனம், உள்ளே பஞ்சு போன்ற காற்றறைகள். கோடையில் ஆற்றில் இறங்கி அடியோடு அறுத்து, வெயில் நேரடியாகப் படாமல் காற்றில் காய வைப்பார்கள். வெயிலில் காய்ந்தால் பச்சையும் பழுப்பும் கலந்த அந்த நிறம் வெளுத்துவிடும். ஒரு தளத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ காய்ந்த கோரை பிடிக்கும்.

முந்தின நாள் மாலை குளிர்ந்த நீரில் சில நிமிடம் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி இரவு முழுவதும் வையுங்கள். தொட்டியில் ஊறப்போடக் கூடாது. ஊறிய கோரை தோல் உரிந்து குழைந்துபோகும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் நனையுங்கள், மறுபடி மறுபடி நனைத்தால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பின்னும் முன் ஒவ்வொரு கோரையையும் ஈரத்துணியால் மெல்லிய நுனியிலிருந்து தடித்த அடிவரை இறுக்கி வழியுங்கள். உள்ளேயிருக்கும் காற்றும் தண்ணீரும் சின்னச் சின்ன வெடிச்சத்தத்தோடு அடிவழியே வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் பின்னிய புரி காய்ந்ததும் சுருங்கித் தளரும். இரண்டு அல்லது மூன்று கோரையைச் சேர்த்து, ஒன்றின் அடியும் இன்னொன்றின் நுனியும் ஒரே பக்கம் வரும்படி வைத்தால் புரி சீரான கனத்தில் வரும். மேலே கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் முறுக்கினால் போதும். அடியில் போகும்போது முறுக்கு தேவையில்லை.

முன்பக்கம் அகலம் என்பதால் முதலில் இரு முன்மூலைகளையும் நிரப்ப வேண்டும். பக்கச் சட்டத்தில் கட்டிய புரி முன்சட்டத்தைச் சுற்றி மேலே வந்து, பக்கச் சட்டத்தைச் சுற்றி, எதிர்ப் பக்கம் போய் அதே மாதிரி சுற்றி அங்கே கட்டப்படும். முன்சட்டத்தில் எஞ்சும் இடைவெளி பின்சட்டத்தின் நீளத்துக்குச் சமமாகும் வரை இப்படி. அதன்பின் நான்கு மூலையையும் தொடர்ந்து சுற்றிவரலாம். ஒவ்வொரு மூலையிலும் புரிகள் சந்திக்கும் இடம் செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் முடிவில் நடுக்கோடு கோணலாகத் தெரியும். அங்கிருந்து திருத்த வழியில்லை, அவிழ்க்கத்தான் வேண்டும்.

மேற்புரிக்கும் அடிப்புரிக்கும் நடுவே உருவாகும் பைகளில், மீந்த காய்ந்த கோரையை மரக்குச்சியால் திணித்துக்கொண்டே வரவேண்டும். தளத்துக்குக் கனமும் வடிவமும் தருவது இந்தத் திணிப்பு. குறைத்தால் புரிகள் சட்டத்தின் விளிம்பில் மடிந்து சீக்கிரம் அறும். பாதியில் ஒருநாள் நிறுத்திக் காயவிட்டு, புரிகளை மரக்கட்டையால் நெருக்கிவிட்டுத் தொடருங்கள். ஒரே மூச்சில் முடித்தால் காய்ந்ததும் இடையில் விரல் நுழையும். பக்கச் சட்டங்கள் முதலில் நிரம்பிவிடும். நடுவில் மிஞ்சுவதை முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் எட்டு வடிவில் போய்வந்து மூடி, கடைசி முனையை அடியில் முடிச்சிட்டுச் சொருகுங்கள்.

வெப்பமூட்டிய வீடுகளில் கோரை வறண்டு நொறுங்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் தண்ணீர் தெளித்து நிழலில் காயவிட்டால் வெகுகாலம் உழைக்கும். முழங்காலை ஊன்றி ஏறுவதுதான் அதற்குப் பெரிய எதிரி. எடை முழுவதும் நாலைந்து புரிகளின் மேல் விழுகிறது. முன்சட்டத்தின் மேல் புரி அறத் தொடங்கினால் ஒட்டுப் போட வேண்டாம். முழுவதையும் கத்தியால் அறுத்தெடுத்து, சட்ட விளிம்புகளைத் தடவிப் பார்த்து, கூர் தட்டுப்பட்டால் உருட்டிவிட்டுப் புதிதாகப் பின்னுங்கள்.